குடிலுக்குப் போன பாசி

சாந்தா எலேனா ஊர்ச் சந்தையிலிருந்து திரும்பிய நுபியா கூடையை இறக்கி வைத்தாள். சமையலறை ஜன்னலோரக் கண்ணாடி ஜாடி காலி. அதற்குள் இருந்த பாசியில்தான் அவளுடைய மேகக்காட்டு ஆர்க்கிட் வேர் பிடித்திருந்தது. அரிசி அளவுதான் பூக்கும். நேற்றுதான் மொட்டு விட்டிருந்தது.

"அக்கா, ஜாடியில இருந்தது எங்க?"

கணவனின் அக்கா ஒலிவா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை போட பாசி பத்தல. உன் ஜாடியில சும்மாதானே கெடந்துச்சு. இந்த மழையில காட்டுக்குப் போய் நனையச் சொல்றியா?"

நுபியா கூடத்துக்கு ஓடினாள். குடிலின் சரிவில், பொம்மைக் கழுதையின் காலடியில், ஓரம் சுருண்ட இலைகள். மொட்டு இன்னும் விழவில்லை. கையை நீட்டினாள்.

"தொடாத. நவநாள் ஜெபம் ஆரம்பிச்சாச்சு. ஜனவரியில மூணு ராஜாக்கள் திருநாள் முடியிற வரைக்கும் குடில்ல எதையும் அசைக்கக் கூடாது," என்றாள் பின்னாலேயே வந்த ஒலிவா.

அன்று முதல் நுபியா குடில் முன்னாலேயே மண்டியிட்டாள். தண்ணீர் தெளிக்காவிட்டால் செடி வாடும். தெளித்தாலோ ஈரப் பாசியில் கழுதை மொட்டின் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"உன் தம்பி பொண்டாட்டிக்கு என்ன பக்தி பாரேன்," என்றாள் ஜெபத்துக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி. ஒலிவாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

நுபியா உதடு அசைய வேண்டிக்கொண்டுதான் இருந்தாள். குழந்தை இயேசுவிடம் அல்ல, கழுதையிடம்: "மிதிச்சிடாதடா ராசா."