கடைசி ஆளுக்கும் பின்னால்

டீ-ட்ரீ புதரில் கட்டியிருந்த இளஞ்சிவப்பு நாடாவை அவிழ்த்து இடுப்புப் பையில் திணித்துக்கொண்டு அடுத்த வளைவுக்கு ஓடுகிறார் சிவசோதி. ஓடுபவர்களுக்கு வழிகாட்டக் கட்டிய நாடா. எல்லோரும் கடந்துபோன பின் அதற்கு வேலையில்லை. கேப் ஷாங்க் கடலோரக் குன்றுகளில் எங்கள் ஓட்டக் குழு ஆண்டுதோறும் நடத்தும் ஓட்டத்தில் அவர் பொறுப்பு இது. கடைசியாக வருபவருக்கும் பின்னால் வரவேண்டும், நாடாக்களைக் கழற்றவேண்டும், யாரையும் காட்டில் விட்டுவிடக் கூடாது. நாடாவை அவர் பிய்த்து இழுப்பதில்லை. முடிச்சை அவிழ்த்து, வளைந்த கிளையை நீவிவிட்டுத்தான் நகர்வார்.

வயது நாற்பத்தெட்டு. கிரான்பர்னில் வீடு. வாரநாட்களில் பக்கத்துத் தோட்டமொன்றில் லெட்டூஸ் கழுவிப் பெட்டியில் அடுக்கும் வேலை. குளிர்நீரில் ஊறி விரல்நுனிகள் எப்போதும் வெளுத்திருக்கும். ஓட வரும்போது பழைய சுடிதார் மேற்சட்டை, தொப்பி, பையில் எள்ளுருண்டை. மற்றவர்கள் உறிஞ்சும் சத்துக்கூழை ஒருமுறை சுவைத்துவிட்டு, "பல்லு விளக்கிற சாமான் மாதிரிக் கிடக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இறக்கத்தில் நண்டு போலப் பக்கவாட்டில் இறங்குவார். பாதையை மறித்து நிற்கும் வாலபி என்ற சிறு கங்காருவிடம், "விலத்து ராசா, நான் போகவேணும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்.

போன ஆண்டு அந்தக் கடைசி ஆள் நான். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவள். அதற்கு முன் இரண்டு ஆண்டுகளும் பாதியில் விலகியவள். அன்றும் ஏற்றத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ள, ஒரு பாறையில் சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

"சாரிக்கா, என்னால உங்களுக்கும் லேட்டு."

"எனக்கென்ன லேட்? என்ர வேலையே பின்னால வாறதுதானே. காலை நீட்டுங்கோ பிள்ளை."

என் காலை மடியில் வைத்துப் பிசைந்தபடி தன் கதையைச் சொன்னார். இலங்கையிலிருந்து படகில் வந்தவர். நடுக்கடலில் இயந்திரம் நின்று, படகுக்குள் ஏறிய நீரை எல்லோரும் சட்டியால் இறைத்தார்களாம். கரை சேர்ந்த பின் கடல் இருக்கும் திசைக்கே அவர் போகவில்லை. கிரான்பர்னிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் பல ஆண்டுகள் போகவில்லை. பிறகு, கூட வேலை செய்யும் கம்போடியப் பெண்ணொருத்தி காட்டுக்குள் ஓடலாம் என்று கூட்டிவந்தாள். மேட்டில் ஏறியதும் கீழே கடல்.

"திரும்பி ஓடுவம் எண்டுதான் பாத்தன். ஆனா பாதை முழுக்கக் கல்லும் வேரும். காலைப் பாக்காட்டி விழுந்துடுவன். நிலத்தைப் பாத்தபடியே ஓடினன். முடிஞ்சாப் பிறகுதான் விளங்கினது, இவ்வளவு நேரமும் கடலுக்குப் பக்கத்தில நிண்டிருக்கிறன் எண்டு."

"இப்போ பயம் போயிடுச்சா?"

"இப்ப நிமிந்து பாப்பன். தண்ணியில கால் மட்டும் வைக்கமாட்டன்."

மெல்ல எழுந்து புஷ்ரேஞ்சர்ஸ் விரிகுடாவுக்கு இறங்கினோம். அங்கே ஒரு ஓடை கடலில் கலக்கிறது. அதன் கற்களில் தாவி அக்கரை போகவேண்டும். நான் தாமதித்ததில் கடல் ஏறியிருந்தது. கற்கள் தெரியவில்லை. அலை ஓடைக்குள் வந்து வந்து திரும்பியது.

சிவசோதி ஈர மணலுக்கு முன்பே நின்றுவிட்டார். வாக்கி-டாக்கியில் ஏற்பாட்டாளர்களிடம் கேட்டார். முழங்காலுக்குள் இருந்தால் கடக்கலாம், முடியாவிட்டால் சாலைக்கு ஏறிவிடுங்கள், வண்டி வரும் என்றார்கள். வண்டியில் ஏறினால் மூன்றாவது முறையும் நான் விலகியவள். ஒரு கழியால் ஆழம் பார்த்தார். முழங்காலளவுதான் இருந்தது.

"திரும்பிடலாம்க்கா," என்றேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு.

"உங்களுக்குத் திரும்ப விருப்பமோ?"

பொய் சொல்லத் தெரியவில்லை. "இல்ல."

"அப்ப கதைக்காம கையைத் தாங்கோ."

யாரையும் முந்தாதவர் அன்று எனக்கு முன்னால் இறங்கினார். நடுவில் ஓர் அலை வந்து முழங்காலில் மோதியது. அவர் நகங்கள் என் உள்ளங்கையில் பதிந்தன. "முருகா, முருகா" என்று முணுமுணுத்தபடி நின்றார். நீர் வடிந்ததும் கழியை ஊன்றி அடுத்த அடி வைத்தார். அக்கரை மணலில் ஏறியபோது இருவருக்கும் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அவர் ஒதுங்கி வழிவிட்டார். "இனி நீங்கள் முன்னால போங்கோ."

கலங்கரை விளக்கத்தருகே நான் முடிவுக்கோட்டைத் தாண்டியபோது மேசைகளை மடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள்.

இந்த ஆண்டு நாடா அவிழ்க்க நானும் அவருடன் வந்திருக்கிறேன். யாருக்கும் தாமதமில்லை. ஓடையில் நீர் வற்றி, கற்கள் காய்ந்து கிடக்கின்றன. நான் தாவி அக்கரை போய்த் திரும்பிப் பார்க்கிறேன். சிவசோதி கற்களை விட்டு விலகி, அலை வந்து முடியும் இடத்துக்கு நடக்கிறார். காலணி நனைய நின்று, குனிந்து, ஒரு கை நீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொள்கிறார்.