கலீஜ்-2ம் என் மஞ்சள் டாங்கும்

குடிசை இருந்த மணல்மேட்டில் மாடி வீடு கட்டினேன். கட்டுமரம் மட்டுமே கிடந்த எண்ணூர் நெட்டுக்குப்பம் கரையில் முதல் ஃபைபர் படகை நிறுத்தினேன். பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் பிறகு என்னிடம்தான் இன்ஜின் ஓட்டக் கற்றார்கள். தெருவுக்குக் குழாய் வரவைத்தேன். பெண்ணை டிகிரி படிக்கவைத்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், பல்கலைக்கழகத்துக்கு ஒரு டாக்டரையும் உருவாக்கிக் கொடுத்தேன். இந்தக் கடைசி ஒன்றைத்தான் யாரும் நம்புவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த டாக்டர் அப்போது கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒல்லிப் பெண். சுற்றுச்சூழல் ஆராய்ச்சிக் குழுவில் மாணவி. கழிமுகத்தின் அடிச்சேற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. குழுவின் தலைவியான மேடம் வந்து என் படகை வாடகைக்குப் பேசினார்.

முதல் நாள் ஓரிடத்தில் படகை நிறுத்தச் சொல்லி, நோட்டைத் திறந்தாள்.

"ஏனுங்ண்ணா, இந்த எடத்துக்குப் பேரு என்னங்க?"

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன். "கலீஜ்."

எழுதிக்கொண்டாள். அடுத்த இடத்தில் மறுபடியும் கேட்டாள்.

"இதுவும் கலீஜ் தாம்மா."

"அதுங்ண்ணா, அந்தப் பக்கம்?"

"அது சுத்த கலீஜ்."

அவள் வரைபடத்தில் கலீஜ்-1, கலீஜ்-2, கலீஜ்-3 என்று மூன்று இடம் ஏறிவிட்டது. எங்கள் பேச்சில் அசிங்கத்துக்கு அந்தப் பேர் என்று நான் சொல்லவில்லை. பேரில்லாமல் கிடந்த தண்ணீருக்கு ஒரு பேர் கிடைத்ததே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் சேறு எடுத்தாள். எழுதி முடிக்கும் நேரத்தில் பார்த்தால், இடம் காட்டும் கருவியின் எண்ணை நோட்டில் ஏற்றும்போது இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறாள். அந்தக் கணக்குப்படி கலீஜ்-2 எண்ணூர் ரயில் நிலையத்துக்குள் வந்துவிட்டது.

மேடம் அவளைக் கூட்டிக்கொண்டு கரைக்கே வந்துவிட்டார். "ரெண்டு வருஷமா பிளாட்பாரத்துலயா சேறு அள்ளின? அதே இடத்துல மறுபடி எடு. பழைய சேறோட ஒத்துப்போகணும். இல்லன்னா அந்த இடத்தையே எடுத்துடலாம்."

எடுத்துவிட்டால் ஆராய்ச்சியில் பாதி போய்விடும். ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். அந்த வருஷம் முடிக்காவிட்டால் பிறகு படிக்க விடமாட்டார்கள் என்று படகில் ஏறும்போது மெதுவாகச் சொன்னாள்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கு மேடம் பேஜாராவுறீங்கோ? எடம் என் கண்ணுல கீது" என்றேன்.

கருவி எனக்கு எதற்கு? இரண்டு அடையாளம் போதும். என் வீட்டு மாடியில் தண்ணீர் டாங்குக்குப் படகுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தேன். படகிலிருந்து பார்த்தால் அந்த டாங்க் பின்னாலிருக்கும் அனல்மின் நிலையப் புகைக்கூண்டின் நடு வயிற்றில் உட்கார வேண்டும். மறுபக்கம், பாலத்தின் மூன்றாவது தூணுக்குப் பின்னால் மாதா கோயில் சிலுவை மறைய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கலீஜ்-2.

சேர்த்தேன். கயிற்றில் கட்டிய இரும்புப் பெட்டியை இறக்கினாள். மேலே வந்தது வெறும் மணலும் சிப்பியும். அவள் முகம் செத்துப்போனது. மேடம் என்னைப் பார்த்தார்.

"ஐயா, இடம் இதுதானா?"

"தண்ணி இழுத்துகினு கீது மேடம். கொஞ்சம் இருங்கோ."

தண்ணீர் இழுக்கவே இல்லை. குளம் மாதிரி நின்றது. என்ன ஆச்சு என்று வீட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தக் கோடையில் இரண்டாவது மாடி எடுத்திருந்தேன். கொத்தனார் டாங்கைக் கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலைக்கு மாற்றியிருந்தார். குப்பத்திலேயே உயரமான வீடு வேண்டும் என்று கட்டிய என் பெருமைதான் அந்தப் பெண்ணின் படிப்பைக் கவிழ்க்கப் பார்த்தது.

இன்ஜினை மறுபடி கிளப்பினேன். பழைய மூலையில் என் வீட்டுக்காரியின் பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. புடவையைப் புகைக்கூண்டின் வயிற்றில் உட்காரவைத்து, தூணையும் சிலுவையையும் சேர்த்து, இன்ஜினை அணைத்தேன்.

இந்த முறை கறுப்புச் சேறு வந்தது. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, அழுகின முட்டை வாடை. அவள் அதைக் கையில் எடுத்து, பூவை மோப்பது போல மோந்து சிரித்தாள்.

"இதேதாங்ண்ணா. இந்த நாத்தத்த எங்க போனாலும் மறக்கமாட்டனுங்க."

மேடம் மட்டும் என் பக்கம் திரும்பினார். "நெஜமாவே தண்ணிதான் இழுத்துச்சா?"

"பின்ன இன்னா மேடம், நானா இழுத்தேன்?"

ஆய்வகத்தில் பழைய சேறும் புதுச் சேறும் ஒத்துப்போயின. பட்டம் வந்தது. ஆய்வேட்டில் ஒரு பிரதியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நன்றிப் பக்கத்தை என் பெண் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். மேடம், அப்பா, அம்மா, விடுதித் தோழிகள் ஏழு பேர், பேர் பேராக. கடைசியில், உள்ளூர்ப் படகோட்டி ஒருவர்.

"நைனா, உம் பேரு இல்ல. ஆனா கலீஜ் கீது, மூணு எடத்துல."

டாக்டரம்மா, இப்போது அந்தக் குழுவுக்கு நீதான் தலைவி என்று கேள்வி. உன் மாணவர்கள் இன்னமும் கலீஜ்-2 எங்கே என்று கேட்டுக்கொண்டு என் வாசலுக்குத்தான் வருகிறார்கள். தண்ணீர் இழுக்கவில்லை, டாங்க்தான் நகர்ந்தது என்று இதோ அச்சில் ஒப்புக்கொண்டுவிட்டேன். நீயும் அச்சில் ஒன்று செய். 'உள்ளூர்ப் படகோட்டி ஒருவர்' என்பதை அடித்துவிட்டு என் பேரை இனிஷியலோடு போடு. இடத்தைக் காட்டியவரும் அதற்குப் பேர் வைத்தவரும் இவரே என்று போடு. புடவைக்கும் ஒரு வரி வேண்டும் என்கிறாள் வீட்டில். அது என் பேருக்குக் கீழே வந்தால் போதும்.