வெற்றிகரமாக செபரேஷன் செய்த பாஜிலா

எங்கள் அக்கா பாஜிலா உட்கார்ந்து சாப்பிட்டு நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். மற்றபடி தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பாள். கேட்டால், "உக்காந்தா யோசன ஓட மாட்டேங்குதுடா" என்பாள். ஓடுகிற யோசனை கொஞ்ச நேரம் நின்றால் என்ன கெட்டுப்போகும் என்று நானும் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் சொல்வதற்குள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

அவளுக்கு வேலை திருவனந்தபுரத்தில், ராக்கெட் செய்கிற ஒரு தனியார் நிறுவனத்தில். பெயரை எழுதினால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள், வேண்டாம். வாரம் முழுக்க அங்கே. வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் சனிக்கிழமை விடியும்போது குமுளி, அங்கிருந்து மலை இறங்கி லோயர் கேம்ப். நான் காரோடு போய் நிற்க வேண்டும். அவள் வீட்டுக்காரர் ஜெய்லானி மச்சான் உத்தமபாளையத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். காலையில் கடையை விட்டுவிட்டு வர முடியாதாம். கம்பத்தில் திராட்சை கமிஷன் மண்டி நடத்துகிற நான் மட்டும் மண்டியை விட்டுவிட்டு வரலாம் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. காரில் ஏறியதும், நல்லாருக்கியா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். "இன்னைக்கு எந்தப் பள்ளிக்கூடம் முஜிபு?" இதுதான் முதல் பேச்சு.

இந்தப் பக்கத்தில் அவள் கால் படாத அரசுப் பள்ளிக்கூடம் இல்லை. கூப்பிட்டாலும் போவாள், கூப்பிடாவிட்டாலும் போவாள். அவள் பையில் இருப்பதெல்லாம் காலி சோடா பாட்டில்களும் ஒரு சைக்கிள் பம்பும்தான். பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றி, காற்றை அடைத்து, தலைகீழாக நிறுத்தித் திறந்துவிட்டால் அது தென்னை மரத்துக்கு மேலே போகும். பிள்ளைகள் போடுகிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஒருமுறை காமயகவுண்டன்பட்டியில் பாட்டில் காற்றில் திரும்பி, அறுப்புக்குத் தயாராக இருந்த திராட்சைப் பந்தலுக்குள் போய் விழுந்தது. அதை எடுக்க வகுப்பு மொத்தமும் பந்தலுக்குள் புகுந்தது. தோட்டக்காரர் என் வாடிக்கைக்காரர். நான் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன், இவள் பந்தலுக்கு நடுவில் நின்று, "காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சிருந்தா இங்கன வந்து விழும்?" என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். கார் சாவி அவளிடம் இருந்தது.

ஆனால் வேலையில் கெட்டிக்காரி. அதை நான் சொல்லாமல் யார் சொல்வது? சென்னையில் விமானப் பொறியியல் படித்தாள். 'விமானத்துல வேலயா, விமானம் செய்யற வேலயா?' என்று எங்கள் அத்தா மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டும் இல்லை என்று சொல்லி அவருக்குப் புரியவைக்க எங்கள் யாராலும் முடியவில்லை. ராக்கெட் அடுக்கடுக்காக இருக்கும். அடி அடுக்கு எரிந்து முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். விடாவிட்டால் மேலடுக்கு அந்தச் சுமையோடு போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது. இரண்டையும் இறுக்கிப் பிடித்திருந்து, சரியான நேரத்தில் விடுகிற வளையம்தான் அக்காவின் பிழைப்பு. அந்த வேலைக்கு இங்கிலீஷில் செபரேஷன் என்று பெயர்.

அவள் முதன்முதலில் வரைந்த வளையம் தரையில் வைத்துச் சோதித்தபோது ஒரு பக்கம் விட்டது, மறுபக்கம் கண்ணிமைக்கிற நேரம் தாமதித்து விட்டது. அந்தக் கண்ணிமைப்பில் மேலடுக்கு சாய்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்கள் வீட்டில் அவள் திறந்து மூடாத டப்பா இல்லை. பீரோ கைப்பிடி, சூட்கேஸ் பூட்டு, பாத்ரூம் தாழ்ப்பாள், எதையும் விடவில்லை. பாத்ரூமுக்குள் மாட்டிக்கொண்டவன் நான். கடைசியில் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் விடுகிற வளையத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். அது ராக்கெட்டில் பறந்து வேலையும் செய்தது. அந்தப் பிரிவுக்கே அவளைத் தலைவியாக்கினார்கள்.

விஷயம் கம்பத்துக்கு எட்டியது. திராட்சை வியாபாரிகள் சங்கத் தலைவர் ராஜா முகம்மது, நம்ம வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பிளக்ஸ்கூட வைக்காவிட்டால் எப்படி என்று கிளம்பிவிட்டார். பிளக்ஸ் அடிக்கிற வினோத்ராஜ் போனில், "என்ன சாதனைண்ணே?" என்று கேட்டிருக்கிறான். இவர் வண்டி ஓட்டிக்கொண்டே, "செபரேஷன்ல சாதிச்சிருக்காகப்பா, நீயே நல்லா எழுதிரு" என்றிருக்கிறார்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடி உயரத்துக்கு அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே கொட்டை எழுத்தில், 'வெற்றிகரமாக செபரேஷன் செய்த வீரமங்கை பாஜிலா ஜெய்லானி அவர்களை மனதார வாழ்த்துகிறோம்!' ராக்கெட் படம் மருந்துக்கும் இல்லை. பின்னணியில் இரண்டு புறாக்கள் பறந்துகொண்டிருந்தன, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.

எங்கள் ஊரில் அந்த வார்த்தை கோர்ட்டுப் பக்கம் போய் வந்தவர்கள் வாயில்தான் புழங்கும். அதற்கு ஒரே அர்த்தம்தான். புருஷன் ஒரு ஊரில், பெண்டாட்டி ஒரு ஊரில் என்று ஏற்கெனவே மென்றுகொண்டிருந்த வாய்களுக்கு வேறென்ன வேண்டும்? மச்சான் கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்களெல்லாம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்த மனிதர் கோபப்பட வேண்டாமா? "ஆமா பாய், வெற்றிகரமா" என்று சொல்லிச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கம்பத்துக்கு வந்து பிளக்ஸுக்குக் கீழே நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். நான்தான் ஆள் வைத்து அதைக் கழற்றினேன். பிளக்ஸ் இறங்கியது, பேச்சு இறங்கவில்லை.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக முடிந்திருக்கும். சுருளிப்பட்டியில்தான் முடியவில்லை.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளை, தன் வளையம் வைத்த அடுத்த ராக்கெட் கிளம்பும்போது ஸ்ரீஹரிகோட்டாவுக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது என்று அக்கா ஏற்பாடு செய்திருந்தாள். அதற்காக அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. தேதி நெருங்கி வரும்போது தலைமையாசிரியை ஜெபஷீலா டீச்சர் போன் செய்தார். பிளக்ஸ் பேச்சைக் கேட்டுப் பாதிக்கு மேல் வீடுகளில் அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், மிச்சமிருக்கிற கொஞ்சம் பேருக்காகப் பயணத்துக்கு அனுமதி கிடைக்காது, விட்டுவிடலாம் மேடம் என்றார். முதலில் மறுத்தவள் சங்கிலியம்மாள். திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறவள். அவள் மகள் திரிஷாதான் அந்த வகுப்பிலேயே அக்காவைக் கேள்வி கேட்டுத் துளைக்கிறவள்.

அந்தச் சனிக்கிழமை காரில் அக்காவின் கால் ஆடிக்கொண்டே வந்தது. கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடியும் இறக்கினாள்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்க்கா. நா போயி, மச்சானும் நீயும் ஒண்ணாத்தான் இருக்கீகன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாரேன். முடிஞ்சுபோச்சு" என்றேன்.

"சொல்லக் கூடாது."

"ஏன்?"

"நெசமாவே நா பிரிஞ்சு வந்தவளா இருந்தா, அந்தப் புள்ளைக எம்பின்னாடி வரக் கூடாதா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்றேன். எம்புருசனுக்கு அர்த்தம் சொல்ல மாட்டேன்" என்றாள்.

நேரே மச்சான் கடைக்குப் போகச் சொன்னாள். உள்ளே போய் அவருடைய மதியச் சாப்பாட்டு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மச்சான் வாசல்வரை வந்து, "அடுக்க மட்டும் திருப்பிக் குடுத்துரு பாஜி" என்று மட்டும் சொன்னார்.

சுருளிப்பட்டிப் பள்ளிக்கூட வராந்தாவில் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் ஜன்னலுக்கு உள்ளே. அக்கா வணக்கம்கூடச் சரியாகச் சொல்லாமல் கேரியரை நடுவில் வைத்தாள்.

"இதான் ராக்கெட்டு. அடியில சோறு, மேல கொழம்பு, அதுக்கு மேல பொரியல். இந்த ரெண்டு பக்கத்துக் கிளிப்பும் எல்லாத்தையும் ஒண்ணாப் பிடிச்சிருக்கு. பஸ்ஸுல எவ்வளவு குலுக்கினாலும் விடக் கூடாது. ஆனா சாப்பாட்டு நேரம் வந்தா ரெண்டும் சேந்து விடணும். ஒரு பக்கம் விட்டு, ஒரு பக்கம் விடலைன்னா?"

"கொழம்பு மடியில!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"அதேதான். அது மடியில கொட்டாமப் பாக்கறதுதான் எம்பொழப்பு. பிடிக்கிற வரைக்கும் இறுக்கிப் பிடிக்கணும். விடற நேரம் வந்தா முழுசா விடணும். இதுக்குப் பேருதான் செபரேஷன். பிளக்ஸுல எழுதுனது இதத்தான்."

சொல்லும்போதே வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தாள். தாய்மார்களின் கழுத்து அவளோடு சேர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. சங்கிலியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"அதெல்லாஞ் சரி பாயம்மா. நீங்க புருசனோட இருக்கீகளா, இல்லையா? அதச் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். அக்காவின் செருப்பு என் காலை மிதித்தது.

"அதச் சொன்னாத்தான் புள்ளய அனுப்புவீகளா?"

சங்கிலியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாந் தப்பாக் கேக்கலம்மா. நானும் விட்டுட்டு வந்தவதான். குடிச்சுப்புட்டு அடிச்சான், புள்ளயத் தூக்கிட்டு வந்துட்டேன். இவ தெருவுல சத்தமாச் சிரிச்சாக்கூட, ஆத்தாளப் போலத்தான வருவான்னு பேசறாக. உங்க பின்னாடி அனுப்பிச்சா, ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டு சேந்திருச்சும்பாக. நீங்க காருல ஏறிப் போயிருவீக. நாங்க இங்கனதான கெடக்கணும்?"

அந்த நேரத்தில் மச்சானைப் பற்றி நான் உளறியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபோது கூசிப்போனேன்.

அக்கா நடப்பதை நிறுத்தினாள். பிறகு சங்கிலியம்மாள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். சும்மா ஓரமாகக் குந்தவில்லை, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எம்பின்னாடி அனுப்ப வேணாம். நீங்களே கூட்டிட்டு வாங்க. எல்லா ஆத்தாமாரும் வாங்க. உங்க புள்ளைக உங்க பின்னாடி வரட்டும்."

"நாங்க வந்து என்னத்தப் பாக்க?"

"விடறதப் பாருங்க."

அப்புறம் கிளிப்பைத் தட்டினாள். கேரியர் இரண்டு பக்கமும் ஒன்றாகத் திறந்தது. மச்சானின் சோற்றை மூடியில் வைத்து முதலில் சங்கிலியம்மாளுக்குக் கொடுத்தாள். எல்லோரும் ஆளுக்கொரு வாய் எடுத்துக்கொண்டார்கள். அக்காவும் சாப்பிட்டாள், உட்கார்ந்து. சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஸ்ரீஹரிகோட்டா பஸ்ஸில் தாய்மார்களும் பிள்ளைகளுமாக ஒரு இடம் மிச்சமில்லை. ஜெபஷீலா டீச்சர் முன் சீட்டில். மச்சான் மருந்துப் பெட்டியோடு வந்திருந்தார். வாந்தி வருகிறவர்களுக்கெல்லாம் மாத்திரை கொடுத்தபடி, "பாஜி இதக் குடுக்கச் சொன்னா, பாஜி அதச் சொன்னா" என்று பேசிக்கொண்டே இருந்தார். திண்டிவனம் தாண்டும்போது சங்கிலியம்மாள் என் பக்கம் குனிந்தாள்.

"இவகதானா அவக?"

"இவகதான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல பாய்?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாக."

"சொல்லாததுதான் நல்லது" என்றாள்.

ஸ்ரீஹரிகோட்டாவில் அக்கா உள்ளே, கட்டுப்பாட்டு அறையில். நாங்கள் வெயிலில், பொதுமக்கள் பார்க்கிற மேடைப் படிகளில். காற்று பலமாக இருக்கிறதென்று எண்ணிக்கையை ஒருமுறை நிறுத்திவிட்டார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. கீழ்ப்படிக்கும் மேல்படிக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே அவளும் இப்படித்தான் நடந்துகொண்டிருப்பாள் என்று தெரியும். அந்த வளையம் மறுபடியும் ஒரு பக்கம் தாமதித்தால், இந்தப் பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பது?

திரும்ப எண்ண ஆரம்பித்தார்கள். மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் கிளம்பியது, சத்தம் பிறகுதான் வந்து நெஞ்சில் இடித்தது. மேடை மொத்தமும் கத்தியது. எங்கள் ஊர்க் கூட்டம் மட்டும் கத்தவில்லை. ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றது. ராக்கெட் புள்ளியாகி மறைந்து, புகை மட்டும் வளைந்து நின்ற பிறகு, மற்றவர்கள் செல்போனைப் பைக்குள் போடத் தொடங்கிய பிறகு, ஒலிபெருக்கி இங்கிலீஷில் என்னவோ சொன்னது. நடுவில் அந்த ஒரு வார்த்தை.

திரிஷாதான் முதலில் குதித்தாள். "செபரேஷன்! ஆத்தா, செபரேஷன்!" தேனி மாவட்டத்து வாய்கள் எல்லாம் அந்த வார்த்தையைச் சேர்ந்து கத்தின. பக்கத்தில் நின்றவர்கள் பயந்துபோய்ப் பார்த்தார்கள். மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் அழுதேன், அதிலென்ன வெட்கம்?

சங்கிலியம்மாள் கத்தவில்லை. நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்ருச்சா பாய்?"

"விட்ருச்சு."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்."

"கீழ வந்தது?"

"கடல்ல விழும். யாரு மேலயும் விழாது."

"மேல உள்ளது?"

"அது போய்க்கிட்டிருக்கு."

மகளை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"போகட்டும்" என்றாள். "திரும்பிப் பாக்காமப் போகட்டும்."