லிக்விடில் தண்ணீர் கலந்தது யார்?

ஜனக்புரி ஒர்க்‌ஷாப் ஒன்றில் கார் கண்ணாடிக்கு மழைத்தண்ணீர் ஒட்டாத கோட்டிங் போடுவது என் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு மழை அந்த வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

முந்தின வாரம் புது காருக்குக் கோட்டிங் போட்டுக்கொண்டு போன வங்கி அதிகாரி அம்மா, ஒரு நாள் காலை கோபமாக வந்து இறங்கினார். அவரும் என்னைப் போல இங்கே வந்த தமிழர்தான்.

"என்னத்தங்க போட்டீங்க? நேத்து மழையில ரிங் ரோட்ல முன்னாடி போற பஸ்ஸே தெரியல. உசுரு போய்ட்டு வந்துது! லிக்விட்ல தண்ணி கலந்துட்டீங்களா?"

முதலாளி பஞ்சாபிக்காரர். விஷயம் புரிந்ததும் கோட்டிங் லிக்விட் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தார். "சச் போலோ பையா, பானி மிலாயா?" என்றார். உண்மையைச் சொல், தண்ணீர் கலந்தாயா என்கிறார். நான் லிக்விடில் பாதியை வெளியே விற்றுவிட்டுத் தண்ணீரால் நிரப்புகிறேன் என்று அவருக்குச் சந்தேகம். கோட்டிங்கில் குறை இருந்தால் நாளை முதல் வராதே என்றும் சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த அம்மாதான் ஏதோ செய்திருக்க வேண்டும்.

"வேற எங்கயாவது பாலிஷ் போட்டீங்களாம்மா?"

"என்னையே சந்தேகப்படறீங்களா? நல்லா இருக்கே கதை!"

மக்கில் தண்ணீர் எடுத்துக் கண்ணாடியில் ஊற்றினேன். கோட்டிங் பிடித்த இடத்தில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். ஓடியது. டிரைவர் பக்கம் மட்டும் படலமாக நின்றது. முதலாளி என்னை முறைத்தார். குனிந்து பார்த்தேன். படுக்கைவாட்டில் மூன்று பட்டை, நடுவில் ஒரு பொட்டு, மங்கலான தடமாக. அவருக்கு அது வெறும் அழுக்கு. எனக்குத் தெரியாதா?

"அம்மா, அன்னிக்கு இங்கேர்ந்து நேரா எந்தக் கோயிலுக்குப் போனீங்க?"

"முருகன் கோயிலுக்கு. புது வண்டிய பூஜை போடாம ஓட்டுவாங்களா? ஓட்டறவங்களுக்குக் காப்பா இருக்கட்டும்னு, என் பக்கமா பட்டை போடச் சொன்னேன்."

குழைத்த விபூதி, சந்தனம், குங்குமம், எல்லாம் காயாத கோட்டிங்கின் மேல்! வீட்டுக்குப் போய் அதைச் சுரண்டித் துடைத்திருக்கிறார். கோட்டிங்கும் கூடவே வந்துவிட்டது.

"மறுநாள் வரைக்கும் ஈரம் படக்கூடாதுன்னு சொன்னேனேம்மா!"

"வண்டியக் கழுவக்கூடாதுன்னு நெனச்சேன். சாமி விபூதியுமா?"

முதலாளிக்கு இதை இந்தியில் விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அச்சா, அச்சா" என்று முதுகில் தட்டினார். அந்த அம்மா ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆபீசுக்கு நேரமாகிறது, ஜல்தியாகப் போடுங்கள் என்றார். மொத்தக் கண்ணாடியையும் தேய்த்து மறுபடி போட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வண்டியில் கை வைக்கும் முன்பே வாடிக்கையாளரிடம், இங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். பூஜையா, முதலில் அதை முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பழி நீங்கினால் சந்தேகமும் நீங்கிவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். மறுநாள் நான் போனபோது லிக்விட் அலமாரியில் புதுப் பூட்டு தொங்கியது. சாவி இன்றும் முதலாளியின் பையில்தான் இருக்கிறது.