நான் துடைத்துப் போட்ட பட்டியல்

ஒரு மலையூரின் நிலப் பட்டியலை இரண்டு மணி நேரத்தில் அழித்துவிட்டு வந்தவள் நான். அந்த வேலைக்காகத்தான் எனக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கோயமுத்தூர் கணபதியில், ஒரு லேத் பட்டறையின் மாடியில் எங்களுக்குப் பயிற்சி. பஸ் அதிகம் போகாத ஊர்களுக்குப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்க்க ஆள் தயார் செய்கிறோம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். பஞ்சாலை வேலையை விட்டுவிட்டு முப்பத்து நாலு வயதில் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆறு மாதமும் கீழே இரும்பைக் கடையும் சத்தம், மேலே சாரின் சத்தம். அந்த ஊர்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

"சும்மா நோண்டிட்டே இருக்காதீங்க. மெதுவா ஓடுதா, பார்மட் போட்டுப் புதுசா விண்டோஸ் ஏத்திப்போட்டு வாங்க. அதுக்கு முன்னாடி சம்மதப் பாரத்துல கையெழுத்து வாங்கிருங்க" என்பார் சார். பார்மட் போட்டால் உள்ளே இருந்ததெல்லாம் சுத்தமாகப் போய்விடும். டவுன் கடையில் இது செல்லும். அங்கே வருகிறவன், "என்ற போட்டோ எல்லாம் அதுலதான் இருக்குது, கைய வெச்சுப் பாரு" என்று சண்டைக்கு வருவான். சண்டை போடத் தெரியாதவர்கள் இருக்கிற ஊரில் என்ன செய்வது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கடைசித் தேர்வு, தனியாக ஓர் ஊருக்குப் போய் ஒரு கம்ப்யூட்டரைச் சரிசெய்து வருவது. எனக்கு வாய்த்தது மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி மேலே ஏறிப் போகிற ஊர். திரும்பி வர மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு பஸ். அதை விட்டால் மறுநாள்தான்.

அங்கே மகளிர் குழுவின் தலைவி காத்திருந்தார். கீழே பிறந்து மேலே வாழ்க்கைப்பட்டவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். "ஏனுங்க அம்மணி, நின்னுட்டேதான் வந்தீங்களா? மொதல்ல காப்பி குடிங்க" என்றார். குழுக் கட்டடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். எட்டு மாதமாக வீடு வீடாகப் போய், யார் எந்த நிலத்தை எத்தனை தலைமுறையாக உழுகிறார்கள் என்று விசாரித்து, ஒற்றை விரலால் அதில் அடித்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை கீழே பட்டா முகாம். பட்டியலில் இருக்கிற வீட்டுக்குத்தான் மனு வாங்குவார்களாம். இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது அவர் சொன்னது, "வெள்ளிக்கெழம மொகாமுக்குள்ள கம்ப்யூட்டரு ஓடோணுமுங்க" என்பது மட்டும். அன்றைக்குப் புதன்கிழமை.

திரை திறக்கவே அரை மணி ஆகும் என்றார். அதுவரை உட்கார்ந்திருக்க எனக்கு ஏது பொறுமை? திறந்து பார்த்திருந்தால் பட்டியல் கண்ணுக்கு நேராக இருந்திருக்கும். திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டே, "அக்கா, உள்ள இருக்கறதெல்லாம் போயிருமுங்க, பரவால்லீங்களா?" என்று கேட்டேன். "நீங்க படிச்சவங்க, பார்த்து எப்படிச் செஞ்சாலும் செரிங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

எங்கள் பக்கத்தில் வேலைக்கு வந்தவரை, அதுவும் மலையேறி வந்தவரைக் குறுக்குக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை. டாக்டரிடமே கேட்க மாட்டோம். புரியாவிட்டாலும் சரி என்றுதான் சொல்வோம். என் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அது தெரிந்தே அந்தச் 'செரிங்க'வை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், எனக்கு வசதியாக இருந்ததால்.

ஒன்றரை மணிக்குக் கம்ப்யூட்டர் பறந்தது. அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இனி நம்ம லிஸ்ட்டத் தொறந்து குடுங்க, பென்டிரைவ்ல ஏத்திக்கறேன்" என்றார்.

"அது போயிருச்சுங்க அக்கா."

"வேற எங்கயாச்சும் இருக்குமுங்களா?" என்று கேட்டார். வீடு வீடாகப் போய் எழுதி வந்த சீட்டுகள் எங்கே என்றேன். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, இனி பத்திரம் என்று அடுப்பெரிக்கப் போட்டுவிட்டாராம்.

அழிந்ததை ஓரளவு மீட்க மென்பொருள் இருக்கிறது, ஆனால் அதை இறக்க நெட் வேண்டும். கட்டடத்துக்குப் பின்னால் பாறைமேல் ஏறினால் ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போனது. சாரைக் கூப்பிட்டேன். "கையெழுத்து இருக்குதல்ல? அப்பறம் என்னங்க, கெளம்பி வாங்க" என்றார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பாதியில் லைன் போய்விட்டது, எவ்வளவு கேட்டாரோ தெரியாது.

இறங்கி வந்து, "டிஸ்க்கைக் கழட்டிக் கோயமுத்தூர் கொண்டு போயி முயற்சி பண்றேனுங்க அக்கா" என்றேன்.

"அதையும் கொண்டு போயிட்டா நான் எதுல அடிக்கறதுங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நினைவிலிருந்து முதல் வீட்டுப் பெயரை அடித்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி. கூட உட்கார்ந்து நான் அடித்துக் கொடுத்திருக்கலாம். பத்து விரலும் போட்டு அடிக்கத் தெரிந்தவள் அந்த ஊரிலேயே நான் ஒருத்திதான். மூன்று மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். சாரைத் திட்டிய வாயால் என்னை என்ன சொல்லித் திட்டுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

சனிக்கிழமை போன் செய்தேன். முகாமுக்குள் பதினோரு வீடுதான் அடித்து முடிந்ததாம். மற்றவர்களை அடுத்த முகாமில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்களாம். உங்கள் வீட்டுக்காவது மனு வாங்கினார்களா அக்கா என்று கேட்டேன்.

"இல்லீங்க அம்மணி. ஊரு வேலையாச்சே, மத்தவங்கள மொதல்ல எழுதிட்டு நம்முளுது கடைசில எழுதிக்கலாம்னு இருந்துபோட்டேன்" என்றார்.