சம்பளக் கார்டுக்காக ஒரு ஜெபம்

அன்பான சகோதர சகோதரிகளே, நான் கட்கியில் துணி இஸ்திரி போடுகிறவன். நாலாம் வகுப்புவரைதான் படித்தேன். சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் இந்தச் சாட்சியை எழுதிக் கொடுக்கிறேன்.

கொரோனாவுக்கு அடுத்த வருடம் என் மனைவி படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என் மகள் ரூபி, தான் கூட்டித் துடைக்கிற மகர்பட்டா ஆபீசின் சூப்பர்வைசர் அம்மாவிடம் வட்டிக்குக் கடன் வாங்கினாள். அடமானமாக அவளுடைய பேங்க் கார்டை அந்த அம்மா வைத்துக்கொண்டார். சம்பளம் விழுந்த அன்றே அவரே எடுத்துவிடுவார். பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் கொஞ்சம் கையில் தருவார். மனைவி போய்விட்டாள். கடன் போகவில்லை. "வெளிய சொன்னா வேலையும் போயிடும்பா" என்று ரூபி அழுவாள்.

எப்படியாவது பணம் அனுப்பும் என்று ஆண்டவரிடம் மனதுக்குள் கேட்டேன். வரவில்லை. ஒரு நாள் அறுந்த செருப்பில் பின் குத்தி மாட்டிக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள். அன்று எனக்கு இஸ்திரிப் பெட்டியைத் தொடக் கை வரவில்லை.

அப்போது புதன்கிழமைதோறும் சாயங்காலம் ஞானம் அக்கா வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். அந்தப் புதன்கிழமைகளை நினைத்தால் மனம் இப்போதும் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரே அறை, பாய் விரித்திருக்கும். லோக்கல் ரயில் போகும்போது பாட்டை நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்தில் பிடிப்போம். முடிந்ததும் டீயும் அவலில் செய்த போஹாவும்.

ஜெபக் குறிப்பு கேட்டால் ரூபி, "ஒரு விசேஷ காரியம் அக்கா" என்பாள். அப்படிச் சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். அது எங்கள் வழக்கம். கூட்டத்துக்கு வரும் ஜெனியும், இன்னும் இரண்டு பெண் பிள்ளைகளும் அதையேதான் சொல்வார்கள். நால்வருக்கும் ஒரே ஆபீஸ், வேறு வேறு மாடி.

சங்கிலி ஜெபத்தில் என் முறை வந்தால், "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லி அடுத்தவருக்கு விட்டுவிடுவேன். அந்தப் புதன்கிழமை கண்ணை மூடினதும் அந்தச் செருப்புதான் தெரிந்தது. வாய் தானாகத் திறந்தது.

"ஆண்டவரே, என் பொண்ணோட பேங்க் கார்டு அந்த சூப்பர்வைசரம்மாகிட்ட இருக்கு. வாங்கிக் குடுங்க."

ரூபி என் கையைக் கிள்ளினாள். அடுத்தது ஜெனியின் முறை. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "ஆண்டவரே, என்னோடதும் அங்கதான் இருக்கு" என்றாள். அவளுக்கு அடுத்தவள், "என்னோடதும்" என்று விசும்பினாள். நாலாவது பிள்ளையும் அதையே சொன்னாள்.

ஆமென் சொல்வதற்குள் ஞானம் அக்காதான் கண்ணைத் திறந்து, "அடிப் பாவிங்களா, ஒரே காரியத்துக்கா என்னை நாலு தடவை ஜெபம் பண்ண வெச்சீங்க?" என்றார். அழுத பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். 'உனக்கு மட்டும்தான் தருகிறேன், யாரிடமும் சொல்லாதே' என்று அந்த அம்மா ஒவ்வொருத்தியிடமும் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் எல்லோரும் சேர்ந்து அந்த ஆபீசுக்குப் போனோம். "க்யா, மோர்ச்சா லேகே ஆயே?" என்று அந்த அம்மா கேலி செய்தார். ஊர்வலமா என்று கேட்கிறார். மீதிக் கடனைப் பிள்ளைகள் மாதாமாதம் கையில் கொடுப்பார்கள், கார்டைத் தாருங்கள் என்றார் அக்கா. வேலை வேண்டாமா என்றார் அந்த அம்மா. ஜெனி மெதுவாக இந்தியில் கேட்டாள், "நாங்க நாலு பேரும் நின்னுட்டா நாளைக்கு நாலு மாடியையும் யார் மேடம் தொடைப்பாங்க?"

அவர் கைப்பையைத் திறந்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு கார்டுகள். அதிலிருந்து நாலை உருவிக் கொடுத்தார்.

கடனைப் பிள்ளைகளே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தார்கள். நான் கேட்ட பணம் கடைசிவரை வரவில்லை. ஆண்டவர் என் வாயைத் திறந்துவிட்டார். இப்போது என் முறை வந்தால் தயங்காமல் ஜெபிக்கிறேன். ரூபி கல்யாணமாகி சிஞ்ச்வடில் இருக்கிறாள். அக்கா மகனோடு நாக்பூர் போய்விட்டார். அந்த அறையில் இப்போது வேறு குடும்பம்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு விசேஷ காரியம் இருந்தால் அதன் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ஆண்டவருக்கு அது முன்பே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியாது.