மூன்று நாள் உறையாமல்

இடெல்லா க்ரோக்ஸ்டாட் இருபத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். வடக்கு டகோட்டாவில் பஸ் ஓட்டுவதென்றால் பாதி வருஷம் பனிக்கட்டியின் மேல் ஓட்டுவது. ஒரு தடவைகூட வண்டியைப் பள்ளத்தில் இறக்கியதில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள்; ஊரும் மறுத்ததில்லை. ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றாள், இருபத்தாறு அடி நீள டிரெய்லர் ஒன்றை வாங்கினாள், ஊர்க்கோடியில் டிரெய்லர்கள் நிறுத்தும் திடலில் கொண்டுபோய்ப் போட்டாள். கோடைக்கு மட்டும்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதற்குள் பதினோரு குளிர்காலம் ஓடிவிட்டது.

ஏன் என்று கேட்டால் "பெருக்க இடம் கம்மி" என்பாள். அது சும்மா சொல்வது. வெளியே எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறையும் குளிரில், தகர டப்பாவுக்குள் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு காபி குடிப்பதில் அவளுக்கு ஒரு திமிர் இருந்தது. எழுபது வயதில் வேறு எதில்தான் திமிர் காட்டுவது?

திமிருக்கு ஏற்ற உழைப்பும் இருந்தது. அக்டோபர் வந்தால் டிரெய்லரைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கிக் காற்று அடியில் புகாமல் அடைப்பாள். தண்ணீர்க் குழாய்மேல் சூடாகும் கம்பியைச் சுற்றுவாள். கேஸ் சிலிண்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே திறந்து வைப்பாள். இரண்டையும் திறந்துவிட்டால் முதலாவது தீர்ந்ததே தெரியாமல் இரண்டாவதும் தீர்ந்து, அடுப்பும் கணப்பும் ஒன்றாக அணைந்து, ஆள் விறைத்துக் கிடக்க வேண்டியதுதான். எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் புதிதாக வருகிற ஆண்பிள்ளைகள் இதையெல்லாம் அவளிடம்தான் கேட்டுக்கொள்வார்கள். அவள் சொல்லித் தருவாள், கூடவே இரண்டு வசவும் தருவாள்.

மகள் ரெனே, ஃபார்கோவில் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவள். அம்மாவை முதியோர் குடியிருப்பில் சேர்க்க நான்கு வருஷமாக முட்டி மோதிப் பார்த்தாள். கடைசியில் ஒரு பந்தயத்துக்கு இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஜனவரியில் ரெனே மூன்று நாள் வந்து தங்குவாள். எதுவும் உறையாவிட்டால் விண்ணப்பத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேச்சையே எடுக்க மாட்டாள். ஏதாவது ஒன்று உறைந்தால் இடெல்லா கையெழுத்துப் போட வேண்டும்.

ரெனே வந்த அன்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. பக்கத்து டிரெய்லர் கெல்வின் ஸ்ட்ரோபெக், தன் காரின் எஞ்சினைச் சூடாக்கும் வயரைச் செருகிக்கொண்டே கத்தினான்.

"பெரியம்மா, பொண்ணு பரீட்சை வைக்க வந்திருக்காமே! தோத்துட்டா டிரெய்லரை எனக்குக் குடுத்துடு."

"மொதல்ல உன் மூக்கு உறையாமப் பாத்துக்கடா!"

முதல் நாள் முழுக்க ஒரு சின்னச் சண்டை. கழுவுதொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவை ரெனே சாத்துவாள், இடெல்லா திறப்பாள்.

"பாக்க அசிங்கமா இருக்கும்மா, குப்பைக்கூடையெல்லாம் தெரியுது."

"சூட்டுக் காத்து உள்ள போகணும்டி, குழாய் அங்கதான் இருக்கு. அசிங்கம் பாத்தா ஐஸ்தான் மிஞ்சும்."

"இந்தக் குழாய் வேற சொட்டிக்கிட்டே இருக்கு."

"நூல் கனத்துக்கு ஓடணும். ஓடற தண்ணி சீக்கிரம் உறையாது. உங்க பல் டாக்டர் இதெல்லாம் சொல்லித் தரலயா?"

இரண்டாம் நாள் காலையில் பனி கொட்டி, மத்தியானச் சாப்பாட்டோடு ஓய்ந்தது. பன்றி இறைச்சி வறுத்துச் சாப்பிட்டார்கள், ரெனே சட்டியைக் கழுவினாள், பிறகு இருட்டும்வரை சீட்டாடினார்கள். ஐந்து ஆட்டத்தில் நான்கு இடெல்லாவுக்கு. ரெனேயின் முகத்தில் தோற்கப்போகிறவளின் களை வந்துவிட்டது. அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள் என்பதில் அவளுக்கு உள்ளூர நிம்மதியும் இருந்திருக்கும், வெளியே சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை குளிக்கப் போனவள் கதவைத் திறந்த வேகத்தில் வெளியே வந்தாள்.

"அம்மா, குளிக்கிற எடத்துல தண்ணி தேங்கி நிக்குது. மேல எண்ணெயா மெதக்குது."

இடெல்லா எட்டிப் பார்த்தாள். கணுக்காலளவு சாம்பல் நிறத் தண்ணீர். அதன் மேல் வெள்ளையாகக் கொழுப்புத் துணுக்குகள்.

"நான்தான்," என்றாள் ரெனே. முகம் சிவந்துவிட்டது. "நேத்து சட்டியில இருந்த கொழுப்பை அப்படியே தொட்டியில ஊத்திட்டேன். அதுதான் அடைச்சிருக்கு."

"இரு, பாக்கறேன்," என்று இடெல்லா கோட்டை மாட்டினாள். கம்பளி வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கொதிக்கும் கெட்டிலையும் எடுத்துக்கொண்டு டிரெய்லரின் பின்புறம் போனாள்.

வைக்கோல் கட்டு ஒன்றை நகர்த்தியதும் விஷயம் தெரிந்துவிட்டது. டிரெய்லருக்கு அடியில் கழுவுநீர் சேரும் கழிவுத் தொட்டியைத் திறந்து மூடும் கைப்பிடி, வெளியே இழுத்துத் திறந்தபடி நின்றது. குளிர்காலத்தில் அது உள்ளே தள்ளி மூடியே இருக்க வேண்டும். தொட்டி நிறைந்த பிறகு திறந்தால் எல்லாம் ஒரே பாய்ச்சலில் ஓடிவிடும். உறைய நேரம் இருக்காது. திறந்தே கிடந்தால் உள்ளே சொட்டுவதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்குழாய்க்கு வந்து, படலம் படலமாக உறைந்து அடைத்துக்கொள்ளும். கெல்வின் வந்த முதல் வருஷம் செய்த தப்பு இதுதான். "தலைக்குள்ள என்னடா வச்சிருக்க, வைக்கோலா?" என்று திடல் முழுக்கக் கேட்கும்படி அவனைத் திட்டித் தீர்த்தவள் இடெல்லா. இப்போது அவளுடைய வெளிக்குழாய் விறகுக் கட்டை மாதிரி கிடந்தது.

ரெனே இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அவள் போட்டுவந்தது மெல்லிய நகரத்து ஷூ. காருக்குப் போய்வரவே தயங்குகிறவள். நேற்றைய புதுப் பனியில் வாசலிலிருந்து இங்கேவரை தடம் இருந்தது, திரும்பிப் போன தடமும் இருந்தது. இடெல்லா தன் பூட்ஸை ஒரு தடத்துக்குள் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது.

எப்போது வந்தாள்? நேற்று சீட்டாட்டத்துக்கு நடுவில் சிலிண்டரை மாற்ற எழுந்து போனது நினைவிருந்தது. அது முன்பக்கம். பின்பக்கம் வந்ததோ, குனிந்ததோ, கைப்பிடியை இழுத்ததோ ஒன்றும் நினைவில் இல்லை. குளிரில் நின்று யோசித்தாள். கன்னம் மரத்துப்போகும்வரை யோசித்தாள். யாரோ வேறொருத்தி தன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து போன மாதிரிதான் இருந்தது. பயமாக இருந்தது.

கை அது பாட்டுக்கு வேலை செய்தது. வெந்நீரை ஊற்றி இளக்கிக் கைப்பிடியை உள்ளே தள்ளினாள். உறைந்த குழாயைக் கழற்றி வைக்கோலுக்குப் பின்னால் வீசினாள், மாற்றுக்கு வைத்திருந்த புதுக்குழாயை மாட்டித் திறந்தாள். தண்ணீர் கடகடவென்று ஓடியது. மூடினாள். மூடினோமா என்று குனிந்து ஒரு தரம் பார்த்தாள், நான்கு எட்டு நடந்து, திரும்பி வந்து இன்னொரு தரம் பார்த்தாள்.

உள்ளே ரெனே துள்ளிக்கொண்டிருந்தாள். "எறங்கிடுச்சும்மா! வெந்நீருக்குக் கொழுப்பு கரைஞ்சிடுச்சு, இல்ல?"

"ம்," என்றாள் இடெல்லா.

"அப்ப எதுவும் உறையல. நான் பண்ணின கூத்து அது." ரெனே கைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். "சொன்ன சொல் காப்பாத்திட்டேன். இனிமே வாயத் தொறக்க மாட்டேன், போதுமா?"

கெல்வின் ஜன்னலைத் தட்டி, யாருக்கு ஜெயம் என்று விரலால் கேட்டான். ரெனே கட்டைவிரலைக் கவிழ்த்துக் காட்டித் தான் தோற்றதைச் சொன்னாள். அவன் அங்கேயே ஒரு குத்தாட்டம் போட்டுவிட்டுப் போனான்.

உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவி இருவரும் சாப்பிட்டார்கள். இடெல்லா நன்றாகவே சாப்பிட்டாள். ரெனே துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக் கோட்டை மாட்டினாள்.

"ரெனே, அந்தத் தாள் இன்னொண்ணு கெடைக்குமா?"

"எதுக்கு? நீதான ஜெயிச்சே."

"கொழுப்பு அடைக்கலடி. வெளிக்குழாய் உறைஞ்சு கெடந்துச்சு. கைப்பிடிய நான்தான் தொறந்து விட்டிருக்கேன்."

ரெனே சிரித்தாள். "அவ்வளவுதான? எல்லாருக்கும் மறக்கும்மா. நான் அடுப்பையே அணைக்காம வேலைக்குப் போயிருக்கேன்."

"மூட மறந்தா மறதி, சரி. நான் அங்க போனதே எனக்குத் தெரியலடி. என் கால் தடத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

ரெனே கோட்டின் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.